மூலைக்கால்

செல்லையா வேலிக்காலை ஓர் உதைதான் உதைத்தான். கால் தரைமட்டத்தில் முறிந்து சாய்ந்தது. அடுத்ததையும் உதைத்தான், அதுவும் போனது. மூன்றாவதற்கு உதையே தேவைப்படவில்லை. கை வைத்ததும் கம்பியோடு சேர்ந்து படுத்துக்கொண்டது. விடிவதற்குள் காட்டுப்பன்றி புகுந்து, உருளைக்கிழங்குப் பாத்தியை ஏர் பூட்டி உழுததுபோல் புரட்டிவிட்டுப் போயிருந்தது. நியாயமாகப் பார்த்தால் அழுகை வரவேண்டிய நேரம். செல்லையாவுக்கு வந்ததோ ஒருவிதத் திருப்தி.

"பாத்தியா வேலாயி, நான் சொன்னேன்ல?" என்று முறிந்த காலைத் தூக்கிக் காட்டினான். மண்ணுக்குள் இருந்த பாகம் ஊறவைத்த ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. "அங்க சிலோன்ல குச்சிய நட்டா ஒரே மாசத்துல துளுத்து நிக்கும். இங்க நட்டா அழுகுது. மண்ணே சொல்லுது, போடான்னு. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும் ஒனக்கு?"

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகக் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு நின்ற வேலாயி, பாத்தியை ஒருமுறை பார்த்தாள், புருஷனை ஒருமுறை பார்த்தாள். "மண்ணு ஒண்ணுஞ் சொல்லல. நீங்க நட்டது செத்த மரம். செத்தது அழுகாம வேற என்னா செய்யும்?"

அவள் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தத் தப்பைச் செல்லையா மட்டும் செய்யவில்லை. குந்தாப் பக்கத்து மலையில் அரசாங்கம் காட்டைத் திருத்தித் தேயிலை போட்டு, சிலோனிலிருந்து வந்தவர்களை லயம் என்கிற வரிசை வீடுகளில் குடிவைத்தபோது, முதல் வருஷம் அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். சிலோனில் லயத்துக்குப் பின்னால் வேலி என்றால் முள்முருங்கைதான். போத்தை வெட்டி ஊன்றினால் வேர்விட்டுத் தானே நிற்கும். வேலிக்கு மருந்து போட வேண்டும் என்பதே அவர்கள் கேள்விப்படாத சங்கதி. அதே கையோடு இங்கே கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸை வெட்டிப் பச்சையாக நட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள், சொல்லித்தான் கொடுக்கவில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டியதும் லயம் முழுக்க வேலிகள் விழுந்தன. மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டு வேறு கால் தேடிப் போனார்கள். செல்லையா மட்டும் அதில் தெய்வ வாக்கைக் கண்டுபிடித்தான்.

அவனுக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று லயத்தில் சொல்வார்கள். கட்டியது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது, செல்லையாவும் வேலாயியும் இந்தியாவின் பங்கில் விழுந்தார்கள். மஸ்கெலியாப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் சின்னம்மை, புருஷன் வீட்டோடு சேர்ந்து இலங்கையின் பங்கில் நின்றுவிட்டாள். கப்பலில் ஏறிய அன்றைக்குப் பிடித்தது செல்லையாவுக்கு அந்த நோய். எங்கே உட்கார்ந்தாலும் இருப்புக் கொள்ளாது. மண்டபம் முகாமிலிருந்து சமவெளியில் ஒரு நூல் மில்லுக்கு அனுப்பினார்கள், அங்கே ஒரு வருஷம். பிறகு கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு வருஷத்துக்கு மேல். பிறகு இங்கே. ஒவ்வோர் இடத்திலும் வேலாயி அடுப்பு போடுவாள், அவன் பெட்டி கட்டுவான். கப்பலில் வந்த பச்சைத் தகரப் பெட்டி கட்டிலுக்கடியில் கயிற்றோடு எப்போதும் தயாராகக் கிடந்தது.

இப்போது அவனுக்கு மண்டபத்துக்கே திரும்பிப் போகவேண்டும். முகாமுக்கு வெளியே ஒரு டீக்கடையில் எச்சில் கிளாஸ் கழுவினாலும் போதும். கப்பலில் வந்து இறங்குகிற சனங்களில் மஸ்கெலியாக்காரன் ஒருத்தனாவது இருப்பான், மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம். இந்த மலையில் மேகத்தைத் தவிர யார் வருகிறார்கள்?

"நீங்க போறதா இருந்தா போங்க. இனிமே நான் ஒரு பெட்டியும் கட்டமாட்டேன்" என்று மாசி மாதமே சொல்லிவிட்டாள் வேலாயி. கோபத்தில் சொல்லியிருந்தால் அவன் பயந்திருக்கமாட்டான். அரிசி களைந்துகொண்டே, பருப்பு தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி சொன்னாள். அதுதான் அவனைக் கலக்கியது. அவளில்லாமல் போகவும் முடியவில்லை, அவளுக்காக இருக்கவும் முடியவில்லை. பெற்ற தாய்க்கு இப்படியும் ஒரு கல் நெஞ்சா என்று உள்ளுக்குள் அவள்மேல் கசப்பு ஏறிக்கொண்டே போனது.

ஆகவே வேலி விழுந்ததில் அவனுக்குச் சந்தோஷம். வேலாயியோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "வாங்க, மஞ்சூருக்குப் போய் மரத்துக்கு என்னா மருந்துன்னு கேட்டுட்டு வருவோம்" என்றாள். வேலிக்கு ஓணான் சாட்சி என்பதுபோல் இவனும் பின்னால் போனான்.

மஞ்சூர் கடைவீதியில் உரம், ஆணி, கயிறு என்று சகலமும் விற்கிற கருப்புசாமி, அவிநாசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். தம்பிக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை. வாய் ஓயாத மனிதர். விஷயத்தைக் கேட்டதும் தராசை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டார்.

"மருந்து கெடக்குதுங்க. அந்தக் காலு எத்தன வருசத்துக்கு நிக்கோணும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

"ரெண்டு" என்றான் செல்லையா.

"இருபது" என்றாள் வேலாயி.

இரண்டும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. கருப்புசாமி சிரித்துவிட்டார். "ஏனுங்க, புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு வேலி போடறீங்களாட்ட இருக்குது?"

செல்லையாவுக்குக் காது சூடேறியது. வேலாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீங்க சொல்லுங்கய்யா" என்றாள்.

"ரெண்டு வருசம்னா, லாரிப் பட்டறையில கழிவு ஆயிலு வாங்கி ரெண்டு கை பூசீட்டுப் போயிட்டே இருங்க. அதுக்கு என்னோட ரோசனையே வேண்டாம். தாரு மட்டும் பூசீராதீங்க. பச்ச மரத்துக்குத் தாரப் பூசுனா, உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழியில்லாம அங்கயே புழுங்கும். மேல பாத்தாக் கல்லாட்ட இருக்கும், உள்ள பஞ்சாயிரும். குந்தா லைன்ல கரண்டுக் கம்பத்துக்குப் போடறாங்களே கரியெண்ணெய், அது நல்ல மருந்து. ஆனா மரம் காயோணும். ஈரமிருக்கற மரத்துல எண்ணெய்க்கு எடமேது? மழ இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது, நீங்க எப்பக் காயவெச்சு எப்பப் பூசறது?"

"அப்ப பச்ச மரத்துக்கு ஒண்ணுமே இல்லியா?"

"இருக்குதுங்க. மயில்துத்தம். தண்ணி மருந்து." உள்ளே போய் ஒரு பொட்டலம் நீலக் கற்களும், இன்னொரு பொட்டலத்தில் ஆரஞ்சு நிறத்து உப்பும் கொண்டுவந்து வைத்தார். "இது தம்பி பட்டறைக்கு வர்ற சாய உப்பு. இதயும் சேத்தாத்தான் மருந்து மரத்துல நிக்கும். இல்லீன்னா மழ அலசிப்போட்டுரும். வெட்டுன அன்னைக்கே கொண்டாந்து இந்தக் கரைசல்ல நிக்க வெச்சிருங்க. மரம், தான் இன்னும் உசுரோட இருக்கறதா நெனச்சுட்டு உறிஞ்சிட்டே இருக்கும். ஒரு வாரம் அடிப்பக்கம் குடிக்கட்டும். அப்பறம் மறக்காமத் தலகீழாத் திருப்பி வெச்சிரோணும். தலை குடிக்காத மரம் மேல இருந்து அழுகும். ரெண்டு பக்கமும் நல்லாக் குடிச்சுதுன்னா இருபது வருசத்துக்கு அசையாது. ஆனா வெசமுங்க. வெறுங்கையில தொடாதீங்க, மாடு கன்னு நக்கீராமப் பாத்துக்குங்க."

அதற்குள் யாரோ சீமெண்ணெய்க்கு வந்து நிற்க, கருப்புசாமி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லவேண்டிய இன்னொன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டார். அது செல்லையாவுக்குத் தெரியும்.

சிலோனில் அவன் ஏழு வருஷம் மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தவன். கொழுந்தில் கொப்புளம் போடுகிற நோய்க்கு அங்கே அடித்ததும் இந்தச் செம்புச் சத்துதான். அதை இரும்பு வாளியில் கலக்கிவிட்டால் கங்காணி செருப்பைக் கழற்றுவார். இரும்பைத் தின்றுவிடும் அந்த மருந்து. மரத் தொட்டியில்தான் கரைக்கவேண்டும்.

தோட்டத்தில் காற்றுத் தடுப்புக்கு வைத்த கற்பூர மரங்களை நெருக்கம் குறைய வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேலாயி தோட்டத்து மேற்பார்வைப் பெரியவரிடம் சொல்லி அனுமதி வாங்கி, பக்கத்து வீட்டுத் தபித்தாளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கால்களை வெட்டிச் சுமந்துவந்தாள். பத்துப் பன்னிரண்டு கால்கள் இருக்கும். அதில் ஒன்று மூலைக்கால். வேலியின் கம்பிகளெல்லாம் வந்து இழுக்கிற இடம் என்பதால் மற்றதைப்போல் இரண்டு பங்கு பருமன். ரோடு போட்டபோது விட்டுப்போன தார் டிரம் ஒன்று லயத்து மூலையில் கிடந்தது. அதை எரித்துச் சுரண்டிக் கழுவி, இரண்டு பெண்களும் உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

இரும்பு டிரம்.

செல்லையா வாசல்படியில் உட்கார்ந்து பீடியை உருட்டிக்கொண்டிருந்தான். நீலத் தண்ணீர் டிரம்முக்குள் விழும் சத்தம் கேட்டது. நாக்கு நுனியில் வார்த்தை வந்து நின்றது. ஒரே ஒரு வார்த்தை. "இரும்பு" என்றால் போதும், வேலாயி நிறுத்தியிருப்பாள். அவன் பீடியைப் பற்றவைத்தான். இதுவும் வீணானால் மனம் வெறுத்து வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டது அந்தப் புத்தி.

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வேலையிலிருந்து வருவான், டிரம்மைச் சுற்றி ஒரு நடை நடப்பான், பேசாமல் போய்விடுவான். வேலாயி பெரட்டுக்குப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் கால்களைத் தொடாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். "குடிக்குது பாருங்க, தண்ணி எறங்கியிருக்கு" என்று அவனிடமே சந்தோஷமாகச் சொன்னாள். மரம் குடிக்கவில்லை, டிரம் ஒழுகத் தொடங்கிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். அப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அப்போதாவது சொல்லியிருந்தால் பாதி மருந்தாவது மிஞ்சியிருக்கும்.

மறுநாள் டிரம்மின் அடி விட்டுப்போனது. முட்டைக்கோசுப் பாத்தி ஓரமாக நீலத் தண்ணீர் சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்து கிடந்தன. வேலாயி டிரம்மைக் கவிழ்த்து உள்ளே பார்த்தாள். சுற்றிலும் சிவப்பாகச் செம்பு படிந்திருந்தது, இரும்பு ஓட்டை ஓட்டையாக அரித்திருந்தது. ஒரு குச்சியால் அந்தச் சிவப்பைச் சுரண்டிப் பார்த்தாள்.

"அங்க மருந்தடிக்கிற கூட்டத்துல இருந்தீங்கள்ல நீங்க" என்றாள் கடைசியில்.

செல்லையா மடியில் பீடியைத் தேடினான்.

"தெரியாதுன்னு சொல்லுங்க. நம்புறேன்."

அந்தப் பொய்யையாவது சொல்லியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். தேயிலைச் சரிவில் எங்கெங்கோ சுற்றினான். தன்னைத்தானே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. வேற்று மனிதன் செய்தால் பகை என்று சொல்லிவிடலாம். கட்டிய புருஷன் செய்ததற்கு என்ன பெயர்?

வேலாயி கத்தவும் இல்லை, அழவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகவே மஞ்சூருக்குப் போனாள். கருப்புசாமி தலையில் அடித்துக்கொண்டு, "அட, இரும்பு ஆகாதுன்னு சொல்லாம உட்டுட்டனேங்க" என்று வருந்தி, புதிதாக மருந்தும், கடைக்குப் பின்னால் கிடந்த ஒரு பழைய மரப் பீப்பாயும் கொடுத்தார். அதில் முன்னால் என்ன இருந்தது என்று ஊருக்கே தெரியாது, புளித்த வாடை மட்டும் போகவில்லை. மறுபடியும் மரம் வெட்டினாள். மழைக்குக் கட்டுகிற படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, உர மூட்டைக்குள் வருகிற பிளாஸ்டிக் பையை இரண்டு கையிலும் மாட்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டு, கால்களைப் பீப்பாயில் நிறுத்தினாள். இந்தத் தடவை தண்ணீர் ஒழுகி இறங்கவில்லை, மரம் குடித்து இறங்கியது. மெல்ல, நாளுக்கு இரண்டு விரல்கடை.

அவனோடு பேச்சு மட்டும் இல்லை. பேச்சில்லாத வீட்டில் இருப்பதைவிடக் கடற்கரையில் படுப்பது மேல் என்று செல்லையா பெட்டியை வெளியே இழுத்தான். வேலாயி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அடுப்படிக்குப் போய், ரொட்டி தட்டி, கட்டைச் சம்பல் அரைத்து, வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்தாள்.

வாசலில் நின்று அவன் தயங்கினான். 'போறேன்' என்று சொல்லக்கூடாது, சாவு வீட்டில்தான் அப்படிச் சொல்வார்கள். 'போயிட்டு வாரேன்' என்றால் பொய். இரண்டையும் சொல்ல முடியாமல் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிவிட்டான். பீப்பாயைத் தாண்டும்போது மட்டும் அவன் கண் அதன்மேல் போனது. நிறுத்தி வைத்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்றைக்குத் திருப்பவேண்டும். எனக்கென்ன வந்தது என்று நடந்தான்.

மஞ்சூரில் ஊட்டி பஸ் சீக்கிரமே கிடைத்தது. பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் முதல் வளைவில் திரும்பும்போதே ரோட்டோரம் யாரோ போட்ட பழைய வேலி ஒன்று கண்ணில் பட்டது. கால்களின் அடி நன்றாகத்தான் இருந்தது. தலைதான் குழிந்து, கிண்ணம் மாதிரி ஆகி, மழைத்தண்ணீர் தேங்கி, பாசி பிடித்துக் கிடந்தது. எல்லாம் தலை குடிக்காத மரங்கள்.

வேலாயிக்கு ஞாபகம் இருக்குமா? இருக்கும், அவள் எதைத்தான் மறந்தாள். இருந்தாலும் தூக்க வேண்டாமா? தண்ணீர் குடித்த மரம் பிணக்கனம் கனக்கும். மரத்தைத் திருப்பவென்று வேலாயி இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, தபித்தாள் போயிருப்பாள். மூலைக்காலை இரண்டு ஆம்பிளை பிடித்தால்தான் அசைக்கமுடியும். ஒருத்தியாய்த் தூக்கப் போய் மேலே சாய்த்துக்கொண்டால்? விஷத் தண்ணீர் முகத்தில் தெறித்தால்? அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்து ஒரு டிரம்மைத் தின்னக் கொடுத்தான். இன்றைக்கும் தெரிந்தேதான் போகிறான். பஸ் இன்னொரு வளைவு திரும்பியது. செல்லையா எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடியும் எழுந்தான். பக்கத்தில் இருந்தவர், "என்னுங்க, கால் மரத்துப்போச்சுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"நிறுத்துப்பா!" என்று கத்தினான்.

கண்டக்டர் சலித்துக்கொண்டே விசிலடித்தார். "இப்பத்தானுங்க ஏறுனீங்க. என்னத்த மறந்தீங்க?"

"ஒரு வேலைய" என்று பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினான்.

இறங்கும்போது சுலபமாக இருந்த மலை, ஏறும்போது தன் சுபாவத்தைக் காட்டியது. தலையில் தகரப் பெட்டி, எதிரே முகத்தில் அடிக்கிற பனி மேகம். வழியில் பார்த்தவர்களெல்லாம் ஊருக்குப் போகிறாயா, வருகிறாயா என்று கேட்டார்கள். அவனுக்கே தெரியாத விஷயத்தை அவர்களுக்கு என்ன சொல்வது? இத்தனை வருஷத்தில் செல்லையா ஓர் இடத்தை விட்டுப் போவதற்குத்தான் அவசரப்பட்டிருக்கிறான். ஓர் இடத்துக்குத் திரும்புவதற்கு இப்படி மூச்சிரைக்க ஓடியது இதுதான் முதல் தடவை.

லயத்துக்குப் பின்னால் வந்து பீப்பாயைப் பார்த்ததும் அசடு வழிய நின்றான். எல்லாக் கால்களும் தலைகீழாக நின்றிருந்தன. நீலமேறிய அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலாயி படங்கோடு மண்ணில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் தோளும் முழங்கையும் மண். பிளாஸ்டிக் கட்டிய கை இரண்டும் மடியில் துவண்டு கிடந்தன.

"பஸ்ஸு வரலியா?" என்று கேட்டாள். பத்து நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

"வந்துச்சு."

"பெறகு?"

"தலைப்பக்கம் திருப்பணுமேன்னு..." என்று இழுத்தான். திருப்பி முடித்திருக்கிற மரத்துக்கு முன்னால் நின்று அதைச் சொல்வது அவனுக்கே கேவலமாக இருந்தது. "ஒத்தையிலயா செஞ்ச?"

"வேற யாரு இருக்கா?" தலையை அசைத்துக் காட்டினாள். "அது மட்டும் மசியல."

பீப்பாயின் நடுவில் மூலைக்கால் மட்டும் பழையபடி அடி ஊன்றி நின்றது. செல்லையா பெட்டியை இறக்கி வைத்தான். அவள் பக்கம் பார்க்காமலே சொன்னான்: "இரும்பு ஆகாதுன்னு எனக்குத் தெரியும் வேலாயி."

"தெரியும்."

"அது வீணாப்போனா நீ எங்கூட வந்துருவேன்னு நெனச்சேன்."

"அதுவும் தெரியும்." வேலாயி எழுந்து நின்றாள். இதுவரை அடக்கி வைத்திருந்த குரல் இப்போதுதான் உயர்ந்தது. "நான் ஏன் வரமாட்டேங்குறேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? நம்ம தோட்டத்துப் பழனியாண்டி பொஞ்சாதி கப்பல்ல வந்து எறங்கி, பேத்தி பொறந்த சேதியச் சொமந்துக்கிட்டு அந்த மில்லுக்குப் போனா. நீங்க அதுக்குள்ள பெட்டி கட்டிட்டீங்க. பூட்டுன வீட்டப் பாத்துட்டுத் திரும்பிட்டா. ஒரு வருசங் கழிச்சுக் கோத்தகிரி சந்தையில எதேச்சையாப் பாத்துச் சொல்றா, ஒனக்குப் பேத்தி பொறந்திருக்கு வேலாயின்னு. அதுக்குள்ள புள்ள நடக்குது! நாளைக்குச் சின்னம்மையே வந்து எறங்குனா? விசாரிச்சு விசாரிச்சு இந்த மலை ஏறி வந்தா? அவளும் பூட்டுன வீட்டத்தான் பாக்கணுமா? நீங்க அவளத் தேடி ஓடிக்கிட்டே இருங்க. நான் அவ வந்து சேர்ற எடத்துல நிக்கிறேன். யாராச்சும் ஒருத்தர் நிக்கணும்ல?"

கப்பல் சேதி வந்த கதை செல்லையாவுக்கும் தெரியும். அன்றைக்கு ஊரையெல்லாம் திட்டினான், மில்காரனைத் திட்டினான், தன்னைத்தான் திட்டிக்கொள்ளவில்லை. மகள் நினைப்பே இல்லாத கல்நெஞ்சுக்காரி என்று இத்தனை நாள் மனசுக்குள் வைது வந்தவளுக்கு, இருபது வருஷ வேலி எதற்கு என்று இப்போதுதான் விளங்கியது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"மொகத்தத் தொடைச்சது போதும். கையக் காட்டுங்க" என்றாள் வேலாயி. உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பிளாஸ்டிக் பை கொண்டுவந்து அவன் கைகளில் மாட்டி, மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி இறுக்கினாள்.

மூலைக்கால் அவன் கையாலும் லேசில் வரவில்லை. பீப்பாயின் விளிம்பைத் தாண்டித் தூக்க உயரம் போதவில்லை. செல்லையா சுற்றுமுற்றும் பார்த்தான். வேறு ஒன்றும் கிடைக்காமல் பச்சைத் தகரப் பெட்டியைப் பீப்பாயை ஒட்டி இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினான். கீழேயிருந்து வேலாயி விளிம்புக்கு மேலிருந்த நடுமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, மேலேயிருந்து அவன் தலையைப் பிடித்துத் தம் கட்டி இழுத்தான். மரம் மேலே வந்தது. மரத்தின் பாரம், மனிதனின் பாரம், இரண்டும் சேர்ந்து பெட்டிமேல் இறங்கின. மூடி சடாரென்று உள்வாங்கியது. பக்கத் தகரம் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. செல்லையா ஒரு காலை உள்ளே விட்டபடியே மரத்தை விடாமல் பிடித்துச் சுழற்றினான். நீலத் தண்ணீர் தளும்ப, மூலைக்கால் தலையைக் கீழே விட்டு மற்ற கால்களுக்கு நடுவில் நின்றது.

இருவரும் மூச்சு வாங்கினார்கள். வேலாயி நசுங்கிக் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அதை இனி எந்தத் தகரப் பட்டறையிலும் நிமிர்த்த முடியாது.

"பெட்டி போச்சே" என்றாள்.

"போகட்டும்" என்றான் செல்லையா, காலை உள்ளேயிருந்து உருவிக்கொண்டே. "மரத்துக்குத் தண்ணி எட்டுதான்னு பாரு."